பதினேழாம் எண் இலுப்பை

எங்கள் களப்பணிக் கையேட்டில் படப்பிடிப்பைப் பற்றிய பகுதி இப்படித் தொடங்கும்: “உயிரினம் எதுவாயினும், அது காணப்பட்ட இடத்திலேயே, காணப்பட்ட நிலையிலேயே, தொடப்படாமல் முதற்படம் எடுக்கப்பட வேண்டும். இடத்தை அடையாளம் காட்டும் பொருள் ஒன்று அப்படத்தில் இருப்பது விரும்பத்தக்கது.” அலுவலக மொழி பழகாதவர்களுக்காக ஒரு விளக்கம். ‘வேண்டும்’ என்றால் முடிந்தால் செய்யலாம். ‘விரும்பத்தக்கது’ என்றால் அந்த வரியைப் படிக்காமலே தாண்டிப் போகலாம். நாங்கள் அப்படித்தான் தாண்டிப் போனோம்.

இதை இப்போது எழுதக் காரணம், என் பழைய கள நிலையத்திலிருந்து சென்ற மாதம் வந்த இருவர். இருவருமே நல்ல பிள்ளைகள். என்னைவிட நல்ல கருவிகள் வைத்திருக்கிறார்கள். கைபேசியில் ஒரு குதிக்கும் சிலந்தியின் படத்தைக் காட்டினார்கள். அதன் எட்டுக் கண்களிலும் வானம் தெரிந்தது. பின்னால் மழை பெய்து முடித்த பச்சை. எங்கே எடுத்தது என்று கேட்டேன். “சிலந்தி நம்ம ஆபீஸ் கக்கூஸ் சுவத்துல சார். பின்னணி மட்டும் மாத்திட்டோம்” என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பழைய நண்பரைப் பார்த்தது போல ஒரு குரோட்டன்ஸ் செடி நினைவுக்கு வந்தது.

விலங்கியல் பட்டம், பிறகு சென்னையில் புகைப்படக் கலையில் பட்டயப் படிப்பு, பிறகு மூன்று ஊர்களில் தற்காலிகப் பணி. இவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கள நிலையத்துக்குப் படப்பிடிப்பாளராக வந்தேன். மடவார் வளாகம் பக்கம் ஒரு வாடகை வீடுதான் நிலையம். மலையடிவாரத்தில் உள்ள சிலந்தி, வண்டு, வெட்டுக்கிளி, கும்பிடு பூச்சி வகையறாக்களைக் கண்டறிந்து படத்தோடு பதிவு செய்வது வேலை. வீட்டுக்காரர் காலி செய்யும்போது முற்றத்தில் ஒரு தொட்டிச் செடியை விட்டுப் போயிருந்தார். மஞ்சள் புள்ளி போட்ட குரோட்டன்ஸ்.

நிலையத் தலைவர் அருமைநாயகம் சார் பாளையங்கோட்டைக்காரர். சிலந்திகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால் பங்கு தெரிந்தவர்கள்கூட மாநிலத்தில் அதிகம் இல்லை. உரத்துப் பேச மாட்டார். ‘முடியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் துடைப்பார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். பிறகு, “வேற வழி இருக்காப்பா?” என்பார். நாம் சொன்னது செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஐஸ் பெட்டி அவர் கொண்டுவந்த முறை. நாடு முழுவதும் அன்று அதுதான் நடைமுறை. அவரைக் குறை சொல்லவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, தெர்மக்கோல் பெட்டியில் போட்டு, மேலே ஈரத் துணி விரிக்க வேண்டும். காட்டில் பிடித்த பூச்சியை, மூடியில் துளையிட்ட பிலிம் டப்பாவில் அடைத்து அந்தத் துணிமேல் வைக்க வேண்டும். நிலையத்துக்கு வந்து திறந்தால் அது கால்களை மடக்கிக்கொண்டு மரத்துப் போயிருக்கும். அதை ஓவியத் தூரிகையால் இலைமேல் ஏற்றி, ஒவ்வொரு காலாக விரித்து, வயிறு சாயாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேமராவுக்கு ஓட வேண்டும். சூடு ஏறஏற முதலில் முன்கால் நுனி நடுங்கும். அந்த நடுக்கம் தொடங்குவதற்குள் எடுத்துவிட்டால் படம் நமது. இல்லையென்றால் சிலந்தி குரோட்டன்ஸுக்குள் போய்விடும், அரை நாள் தேடலாம்.

நான் இதில் தேர்ந்தவன். என் படங்களைப் பார்த்து மேலிடத்தில் பாராட்டினார்கள். என்ன, எங்கள் நிலையத்தின் பதிவுகளை நம்பினால் மேற்கு மலை அடிவாரத்து ஜீவராசிகளில் பாதி, மஞ்சள் புள்ளி போட்ட குரோட்டன்ஸ் இலையில்தான் பிறந்து வளர்ந்து மடிந்தன.

பிளவக்கல் அணைக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு வரிசை இலுப்பை மரங்கள் நின்றன. கிழட்டு மரங்கள், பாதிக்குமேல் பொந்து விழுந்தவை. அந்தப் பொந்துகளில் பெரிய மரச்சிலந்தி இருந்தது. விரித்த உள்ளங்கை அளவு. சாம்பலும் வெள்ளையும் கலந்து மரப்பட்டை போலவே உடம்பு. முன்கால்களைத் தூக்கினால் மட்டும் அடியில் பளிச்சென்ற மஞ்சள். பகலெல்லாம் பொந்தின் அடியில் கிடக்கும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் வாசலுக்கு வந்து, முன்கால்களை வெளியே வைத்து, இரை வரும்வரை கல் போல உட்கார்ந்திருக்கும். நாங்கள் தேடிய இடங்களில் வேறெங்கும் அது கண்ணில் படவில்லை. இந்த வரிசையில்தான் இருந்தது, இங்கேதான் குஞ்சு பொரித்தது.

ஆனி மாதம் அந்த மரங்களின் அடியில் இலுப்பைக் கொட்டை பொறுக்க வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களுக்குத் தலைவி பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். அண்ணன் தம்பி இருவரும் பட்டாளத்தில் இருந்ததால் அவளுக்கும் அதிகாரக் குரல். நான் கேமராவோடு பொந்துக்கு எதிரே குந்தியிருப்பதைப் பார்த்து முதல் நாள் கேட்டாள்:

“போட்டோ சாரு, அதுக்கு என்ன ரேஷன் கார்டா எடுக்கப் போறீக?”

ஒரு நாள் நான் ஓடைக்கு வந்தபோது மரங்களில் தார் எண்கள் இருந்தன. பட்டுப்போன மரங்கள் என்று கணக்கில் ஏற்றி, செங்கல் சூளை விறகுக்காக ஏலம் விடப் போகிறார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் என்னைப் போல ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். சிலந்திகள் அதிகம் இருந்த பெரிய மரத்துக்குப் பதினேழாம் எண். மரத்தின் உச்சியில் தளிர் விட்டிருந்தது. பட்டுப்போன மரம் எப்படித் தளிர்க்கிறது என்று கேட்க அங்கே யாரும் இல்லை, பேச்சியம்மாளைத் தவிர.

“இதயும் வெட்டுதானாம். எங்க ஆத்தா காலத்துலருந்து பொறுக்குதோம். சூளைக்காரன் கண்ணுல படுத வரைக்கும் இது பச்ச மரமாத்தான் இருந்துச்சு” என்றாள்.

விதியில் ஒரு வாசல் இருந்தது. அரிய உயிரினம் ஒரு மரத்தில் இனப்பெருக்கம் செய்வதாக அங்கீகரிக்கப்பட்ட நிலையம் படத்தோடு ஆட்சேபம் தெரிவித்தால், மேலிடம் முடிவு சொல்லும்வரை அந்த மரத்தையும் அதன் வரிசையையும் ஏலத்தில் விடக் கூடாது. நான் விதியைக் காட்டினேன். அருமைநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அன்றே ஆட்சேபம் எழுதினார். மூன்று பக்கம், ஒவ்வொரு வரியும் அறிவியல். இணைப்பாக, என் படங்களிலேயே மிக அழகானதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஏலம் எடுக்க இருந்த செல்லத்துரையும் தளவாய்புரத்திலிருந்து வந்திருந்தார். சூளைக்காரர், வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு. அதிகாரி மரத்தடியில் நின்று கோப்பைப் பிரித்து, படத்தை வெயிலுக்குக் காட்டினார். சிலந்தி ஒரு மரப்பட்டைத் துண்டின்மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இடது மூலையில் ஓர் இலை எட்டிப் பார்த்தது.

“இது என்ன இலை?”

அவரே பதிலும் சொன்னார்.

“எங்க வீட்டு வாசல்லயும் இருக்கு. குரோட்டன்ஸ். பிளவக்கல் ஓடையில குரோட்டன்ஸ் எப்ப மொளச்சுது?”

செல்லத்துரை குனிந்து படத்தைப் பார்த்தார். “அடுத்த தடவ பக்கத்துல ரோசாப்பூ வச்சு எடுங்க சார். பொண்ணு பாக்குற போட்டோ மாதிரி இருக்கும்.”

நான் பொந்தைக் காட்டி, உள்ளே டார்ச் அடிக்கச் சொன்னேன். அதிகாரி எட்டிப் பார்த்தார். வெள்ளை நூல் படலம் தெரிந்தது, சிலந்தி தெரியவில்லை. “பொழுது சாயவும் வாசலுக்கு வந்துரும் சார். செத்த நேரம் இருந்தா நீங்களே பார்க்கலாம்” என்றேன்.

“ஆறு மணிக்கு மேல ஜீப் வெளிய நின்னா லாக் புக்குல காரணம் எழுதணும். என்னன்னு எழுத? எட்டுக்கால் பூச்சி வர்றதுக்காகக் காத்திருந்தேன்னா?” என்றார். பிறகு அருமைநாயகம் சாரிடம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார். “சார், நீங்க பெரியவங்க. இந்தப் படம் எங்க எடுத்தது?”

சாருக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க எத்தனையோ வழி இருந்தது. வகைமாதிரிப் படம், விளக்கப் படம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது: “எங்க ஆபீஸ் முற்றத்துல. பூச்சி இந்த மரத்துது. இலை தொட்டிச் செடியோடது.”

அதிகாரி தலையசைத்தார். அவர் கெட்டவர் அல்ல. எங்கள் கையேட்டின் முதல் வரியை எங்களுக்கே படித்துக் காட்டினார். “இந்த மரத்துல, இந்த எடத்துல, தொடாம எடுத்த படம் வேணும். மரம் இதுதான்னு படமே சொல்லணும். ஏலத் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபைலை மேல அனுப்பிருவேன். அதுக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா இருக்கறத வச்சுத்தான் அனுப்பணும்.”

இருப்பது குரோட்டன்ஸ். அதை வைத்து அனுப்பினால் மரம் சூளைக்குத்தான் போகும்.

அன்று நிலையத்துக்குத் திரும்பியதும் சார் முற்றத்துக்குப் போய்த் தொட்டிச் செடியைச் சற்று நேரம் பார்த்தார். அதை வெட்டிப் போடுவார் என்று நினைத்தேன். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனார். 

இனி என் பாடு. சிலந்தியைப் பொந்து வாசலில் எடுப்பது கடினம் அல்ல. நெருக்கப் படத்துக்கான லென்ஸ் என்னிடம் இருந்தது. ஆனால் அது சிலந்தியை மட்டும் காட்டும், சுற்றிலும் கறுப்பு. எந்த மரம், எந்த ஊர் என்று அந்தப் படம் சொல்லாது. தனியாக மரத்தை ஒரு படம், சிலந்தியை ஒரு படம் என்று கொடுக்கலாம். குரோட்டன்ஸ் மாட்டிய பிறகு எங்கள் இரண்டாவது படத்தை யார் நம்புவார்கள்? சிலந்தியும் தார் எண்ணும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். ‘விரும்பத்தக்கது’ என்று கையேடு சொன்ன அந்தப் பொருள், இப்போது மரத்தின் உயிராகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பொந்து ஓடையைப் பார்த்திருந்தது. எண் பாதையைப் பார்த்திருந்தது. நடுவில் மரத்தின் வளைவு. தூணில் கன்னத்தை ஒட்டி மறுபக்கத்தைப் பார்க்கிற மாதிரி, பட்டையை ஒட்டிக் கேமராவை வைத்தால் பக்கத்தில் பொந்து வாசலும் தள்ளி எண்ணும் தெரிந்தன. அதற்கு நெருக்கப் பட லென்ஸ் உதவாது. அகன்ற கோணம் வேண்டும். அதைச் சிலந்தியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோக வேண்டும். அப்போது பக்கத்தில் உள்ளது பெரிதாகவும், பின்னால் உள்ளது சிறிதாக, ஆனால் தெளிவாகவும் விழும்.

அகல லென்ஸ் எங்கள் சரக்கிருப்பில் கிடையாது. கேட்டு விண்ணப்பித்தால் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். அதனால் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே கல்யாணப் படம் எடுக்கும் கணேசன் எனக்குப் பழக்கம். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். கல்யாண மண்டபத்தில் மொத்தச் சொந்தத்தையும் ஒரே படத்தில் அடைக்க ஓர் அகல லென்ஸ் வைத்திருந்தார்.

“எதுக்குங்க?”

சொன்னேன்.

“எட்டுக்கால் பூச்சிக்குக் குரூப் போட்டோவா?” என்று சிரித்து, உள்ளே திரும்பி, “ஏமே, ரெண்டு காப்பி!” என்று குரல் கொடுத்தார். “எடுத்துட்டுப் போங்க. முகூர்த்தம் இல்லாத மாசம், சும்மாதான் கிடக்கு. ஆனா கழுவின பிலிம முதல்ல நான்தான் பாப்பேன்.”

அருமைநாயகம் சாருக்குத் திட்டம் பிடிக்கவில்லை. படம் என்றால் பூச்சி சட்டத்தை நிறைக்க வேண்டும் என்பது அவர் மதம். “படத்துல மரம் எதுக்குப்பா? கண்ணு வரிசை தெரியணும், கால்ல ரோமம் தெரியணும்” என்றார். “சார், நமக்கு இப்ப வேண்டியது ரோமம் இல்ல. நம்பர்” என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, மறுபடி மாட்டிக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மாலை டார்ச் வெளிச்சத்தில் குவியம் பார்த்தேன். சிலந்தி வாசலில் தலைகாட்டிவிட்டு உள்ளே போனது போனதுதான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டினேன். மறுநாள் வந்தது. முன்கால் இரண்டும் வெளியே. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ‘கிளிக்’ சத்தத்தோடு அது இல்லை. வெளிச்சத்துக்குப் பயமா, சத்தத்துக்குப் பயமா என்று இரண்டு மாலை குழம்பினேன். கடைசியில் தெரிந்தது: முக்காலியின் ஒரு கால் மரத்தின் வேர்மேல் நின்றது. கேமராவுக்குள் கண்ணாடி எழும்பி விழும் அதிர்வு வேர்வழியாக மரத்துக்கு ஏறியது. சிலந்திக்குக் காது பொந்து முழுக்க.

ஓடையிலிருந்து கற்களைத் தூக்கி வந்து, வேரைத் தொடாமல் மேடை கட்டினேன். பேச்சியம்மாள் கூட்டம் கொட்டை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

“ஏட்டி, பாருங்கட்டி. படிச்ச மனுசன் ஓடையில கல்லு பொறுக்குதாரு. நாம படிக்காம கொட்ட பொறுக்குதோம்.”

“நீங்களும் ரெண்டு கல்லு தூக்கிட்டு வாங்களேன்” என்றேன்.

“மரம் நிக்குமா? அத மொதல்ல சொல்லுங்க.”

“படம் விழுந்தா நிக்கும்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். நான் தூக்கியதைவிடப் பெரிய கற்கள் வந்தன.

அதன் பிறகும் படம் விழவில்லை. மலையடிவாரத்தில் மாலை சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதற்கும் இருட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் எண் தெரியும். சிலந்தி வெளிச்சம் போன பிறகு வரும். இரண்டும் ஒன்றாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. எண்ணுக்காக ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். சிலந்திக்குப் பக்கவாட்டிலிருந்து ஃபிளாஷ். மின்னியதும் அது உள்ளே போய்விடும், அன்றைய வேலை முடிந்தது. ஒரு மாலைக்கு ஒரு படம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராஜபாளையம். கணேசன் கழுவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

“பூச்சி சூப்பர். நம்பர் ஆவி மாதிரி இருக்கு.”

அடுத்த நாள்: “நம்பர் சூப்பர். பூச்சி பாதி உள்ள போயிருச்சு.”

அதற்கடுத்த நாள் ஆடிக் காற்றுக்கு முன்னோட்டம்போல் காற்று அடித்துச் சாரல் லென்ஸில் விழுந்தது. கணேசன் பிலிமைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் சொன்னார்.

கடைசி மாலை வந்தது. மறுநாள் மத்தியானம் கோப்பு மேலே போகிறது. நான் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் ஜீப் வந்து நின்றது. அருமைநாயகம் சார் இறங்கினார். அவர் கையில் ஐஸ் பெட்டி.

அதை ஒரு கல்மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். மெல்லப் பேசினார்.

“யோசிச்சேன்பா. அவளை வெளிய எடுத்து, கொஞ்சமாக் குளிர வச்சு, இதே பொந்து வாசல்ல உக்கார வச்சு எடுத்துட்டா என்ன? மரம் இதேதான். நம்பர் இதேதான். பூச்சி இதேதான். குரோட்டன்ஸ் இல்ல. பொய் எதுவும் இல்லையே.”

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் எளிதாக மறுத்திருப்பேன்.

“போன தடவ மாதிரி வாசல்ல பிடிக்கலாம்னா அதுக்குள்ள இருட்டிரும், நம்பர் தெரியாது. இப்பவே வெளிய எடுக்கணும்னா பொந்தை உடைக்கணும் சார். உள்ள குஞ்சு இருக்கு.”

“ஓரமா உடைக்கலாம்.”

“உடைச்ச வாசல் படத்துல தெரியும். இனிமே நம்ம படத்தை எல்லாரும் மூலைக்கு மூலை பாப்பாங்க.” பிறகு, சொல்லியே ஆக வேண்டியதைச் சொன்னேன். “அதோட, ‘காணப்பட்ட நிலையிலேயே’ன்னு இருக்கு சார்.”

“கையேட்டை எனக்கே சொல்லுதியா?”

“நான் சேர்ந்த அன்னைக்குச் சார்தான் மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க.”

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார், வெளிச்சம் அவ்வளவாக இல்லை. மறுபடி துடைத்தார். “வேற வழி இருக்காப்பா?” என்றார். அத்தனை வருடங்களில் முதல் முறையாக அதை அவர் கேள்வியாகவே கேட்டார்.

“இருக்கு சார். கொஞ்ச நேரம் யாரும் அசையக் கூடாது.”

பின்னாலிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது. “சாரு, அந்த வெள்ளப் பொட்டி மேல உக்காரலாமா? நின்னு நின்னு காலு கடுக்கி.”

சார் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். “உக்காரும்மா. இனி அது அதுக்குத்தான்” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். “அம்மாடி, எம்புட்டுக் குளுமையா இருக்கு!” என்று சொல்லிவிட்டு, நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். காற்று நின்றிருந்தது. மலை கறுக்கத் தொடங்கியது. எண்ணின் தார் இன்னும் பளபளத்தது. அதன் பிறகு நான் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் முக்காலி அசையும்.

முதலில் வந்தது தாய் இல்லை. விரல் நகம் அளவில் ஒரு குஞ்சு வாசல் விளிம்பில் ஏறி நின்றது. பின்னால் இன்னொன்று. பிறகு அவற்றின் நடுவே அந்தப் பெரிய முன்கால்கள் ஓசையின்றி வந்து பட்டையில் படிந்தன. உடம்பும் வந்தது. இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது அது வந்ததே இல்லை. ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். ஷட்டரைத் திறந்தேன். மனத்துக்குள் மெல்ல எண்ணினேன். ஃபிளாஷ் மின்னியது. மூடினேன்.

சிலந்தி நகரவில்லை. இன்னொன்று எடுத்தேன். அதன் பிறகுதான் உள்ளே போனது.

மறுநாள் காலை கணேசனின் இருட்டறையில் அருமைநாயகம் சாரும் வந்து நின்றார். சிவப்பு விளக்கடியில் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டுக் கணேசன் மெல்ல ஆட்டினார். முதலில் எழுந்தது பதினேழு. தார் அல்லவா, அதுதான் கறுப்பு. பிறகு பட்டை வெடிப்புகள். பிறகு பொந்து. பிறகு ஒவ்வொன்றாகக் கால்கள், அவற்றைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகள்.

“மொத்தக் குடும்பமும் வந்திருக்கு. நான் சொன்னேன்ல, குரூப் போட்டோதான்” என்றார் கணேசன்.

சார் ஈரப் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “ரோமம் தெரியலப்பா” என்றார். பிறகு, “பரவாயில்ல” என்றார். அவரிடம் நான் வாங்கிய சான்றிதழ்களில் அது ஒன்றுதான் இன்னும் என்னிடம் இருக்கிறது.

படத்துக்கு அடியில், எங்கே, எந்த லென்ஸில், எந்த வெளிச்சத்தில் எடுத்தது, தொட்டோமா இல்லையா என்று நான் எழுத, அவர் கையெழுத்திட்டார். மத்தியானத்துக்குள் விசாரணை அதிகாரி மேசையில் வைத்தோம். செல்லத்துரையும் அங்கே இருந்தார். எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், இதுல பூச்சிய விட என் மரத்து நம்பர்தான் எடுப்பா இருக்கு?”

“அதுக்குத்தான் அண்ணாச்சி இம்புட்டு நாள்” என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு என்று முன்பே சொன்னேன்.

ஏலத்தில் அந்த ஓடைக்கரை வரிசை வரவில்லை. ‘மேலிட முடிவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது’ என்று அறிவித்தார்கள். மரம் தப்பியது என்று பேச்சியம்மாள் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். மரம் தப்பவில்லை, தவணை வாங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலிடம் ஒரு வரியில் ‘ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதினால் மறுநாள் ரம்பம் வரும்.

பதில் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. அருமைநாயகம் சார் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போனார். புதிதாக வந்த தலைவர் சுறுசுறுப்பானவர். நினைவூட்டுக் கடிதம் போடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். நினைவூட்டினால் யாராவது கோப்பைத் திறப்பார்கள். அவசரமாகத் திறக்கிறவர்கள் அவசரமாக முடிவெடுப்பார்கள். சும்மாவும் இருக்கக் கூடாது. அசையாத கோப்பைக் காலாவதி என்று மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆனியிலும் கணேசனின் லென்ஸைக் கடன் வாங்கி, அதே கல்மேடையில், அதே கோணத்தில், பொழுது சாயும்போது ஒரு படம் எடுத்தேன். ‘தகவலுக்காக மட்டும், பதில் கோரப்படவில்லை’ என்ற குறிப்போடு அனுப்பினேன். கோப்பு செத்தும் போகவில்லை, விழித்துக்கொள்ளவும் இல்லை.

இடையில் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள், மறுத்து எழுதினேன். பதவி உயர்வோடு மாற்றினார்கள், அதையும் மறுத்தேன். பைத்தியம் என்றார்கள். செல்லத்துரை சூளையை மூடிவிட்டு லாரித் தொழிலுக்குப் போனார். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “எம் மரம் சொகமா இருக்கா சார்?” என்று கேட்பார். ஐஸ் பெட்டியைப் பேச்சியம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மீன் வைக்க உதவுகிறது என்றாள். நிலையத்தில் அதன் பிறகு யாரும் பூச்சியைக் குளிர வைக்கவில்லை. உத்தரவு எதுவும் போடவில்லை. பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் பதில் வந்தது. ஒரே பத்தி. இணைக்கப்பட்ட படத்தில் உயிரினமும் குஞ்சுகளும் மர எண்ணும் ஒருங்கே தெரிவதால் ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. வரிசை முழுவதும் ஏலப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது. இனித் தேவைப்படாததால் மரத்தில் உள்ள எண்ணைச் சுரண்டி அழித்து, அழித்த விவரத்தைத் தெரிவிக்கவும்.

உத்தரவு உத்தரவுதான். கம்பித் தூரிகை ஒன்று வாங்கிக்கொண்டு அன்று மாலையே ஓடைக்குப் போனேன். பேச்சியம்மாளும் வந்தாள். மரத்தைச் சுற்றி வந்தோம். எண் இருந்த இடத்தில் பட்டை வெடித்து, உரிந்து, புதுப் பட்டை ஏறியிருந்தது. ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். அது ஒன்றா ஏழா என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பொந்து வாசலில் இரண்டு முன்கால்கள் வந்து படிந்தன. தூரிகையைப் பைக்குள் வைத்தேன்.

‘உத்தரவின்படி எண் அழிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி அனுப்பினேன். யார் அழித்தது என்று அவர்கள் கேட்கவில்லை. மேலிடத்தின் பதில் என் மேசைக்கு வந்த நாள், தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள்.